அட்டைக்குள் இருந்த கையெழுத்து

வங்கியில் என் வேலை கையெழுத்துப் பார்ப்பது. கண்டி நகரத்தின் நடுவில் இருந்த எங்கள் கிளைக்குள் நுழைந்து இடது பக்கம் திரும்பினால் ஒரு பெரிய இரும்பு அலுமாரி நிற்கும். அதற்கு முன்னால் என் மேசை. அலுமாரியின் இழுப்பறைகளில் வாடிக்கையாளர்களின் மாதிரிக் கையெழுத்து அட்டைகள். கவுண்டரிலிருந்து காசோலை வந்தால், அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். சரியென்றால் ஓரத்தில் என் சுருக்கொப்பத்தைப் போட்டு அனுப்பிவிடுவேன்.

எழுத்தின் வடிவத்தைப் பார்க்கிற வேலை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். வடிவத்தை யாரும் பழகிக்கொள்ளலாம். நான் பார்ப்பது வேகத்தை. தன் பெயரை எழுதுகிறவனின் பேனா யோசிக்காது. அடுத்தவன் பெயரை எழுதுகிறவனின் பேனா வளைவுகளில் கொஞ்சம் நிற்கும். நின்ற இடத்தில் மை தடித்திருக்கும். காசோலையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால் தெரிந்துவிடும். கிளையில் என்னை எல்லோரும் அதற்காகக் கொஞ்சம் மதித்தார்கள். எனக்கும் அதில் பெருமை இருந்தது.

போரின் கடைசி ஆண்டுகள் அவை. மற்ற வங்கிகளின் காசோலைகளை ஒரு பையில் போட்டு, முத்திரை வைத்து, வேனில் தினமும் கொழும்புக்கு அனுப்புவோம். அங்கே கைமாறி, பணம் உண்டா இல்லையா என்று தெரிந்து, பதில் திரும்பி வரவேண்டும். சாதாரண காலத்திலேயே அது மெதுவான வேலை. கொழும்புப் பக்கம் எங்காவது குண்டு வெடித்தால் றோட்டை மூடிவிடுவார்கள். வேன் கடுகண்ணாவையிலோ மாவனல்லையிலோ நிற்கும். சில நாட்களில் திரும்பியே வந்துவிடும். கடைக்காரர்கள் கவுண்டரில் வந்து நின்று, "செக் பாஸ் ஆயிருச்சாங்க?" என்று கேட்பார்கள். பை இன்னும் மலையே இறங்கவில்லை என்று சொல்ல எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். என்னைவிட வயதில் மிகவும் இளையவள். அதனால் எழுதும்போது அவள் என்றே வருகிறது. நேரில் 'மிஸ்' என்றுதான் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் பொறியியல் படித்து, எங்கள் தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்தவள். தாளில்லாமல் கணினி வழியாகவே போகிற இலத்திரனியல் காசோலை என்ற புதிய திட்டத்தைக் கண்டிப் பக்கத்து வியாபாரிகள் சிலரோடு பரீட்சித்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள். குண்டசாலையில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்து, அங்கிருந்து பஸ்ஸில் வந்துபோனாள். பருத்திச் சேலை, இறுக்கிக் கட்டிய கொண்டை, தோளில் கனமான ஒரு கறுப்புப் பை.

அவளுக்கு மேசை போட இடமில்லாமல் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டார்கள். முதல் சில நாட்கள் நான் அவளோடு அதிகம் பேசவில்லை. இந்த அலுமாரியை வெளியே தள்ளத்தான் இவள் வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் நான் நினைப்பது தெரிந்திருந்தது. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒரு செக்கில இருக்கிற ஒப்பத்தை வெட்டி எடுத்து இன்னொரு செக்கில ஒட்டினால் நீங்கள் கண்டுபிடிப்பியளோ?"

"ஒட்டினா தெரிஞ்சிரும் மிஸ். ஆனா தொகைய மாத்தினா எனக்குத் தெரியாதுங்க. நான் கையெழுத்தத் தானே பாக்குறேன்."

"ஓம். அதுதான் விஷயம். தாளில ஒப்பம் வேற, எழுதியிருக்கிற தொகை வேற. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. எங்கட ஒப்பம் அப்பிடி இல்லை."

சோற்றைப் பிசைந்தபடியே எனக்குச் சொன்னாள். காசோலையில் இருக்கும் பெயர், தொகை, திகதி, இலக்கம் எல்லாவற்றையும் கணினி ஒரு கணக்கில் போட்டுப் பிழியும். ஒரு சின்ன எண்கோர்வை வரும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் கோர்வை முழுக்க வேறாகிவிடும். வாடிக்கையாளர் கையில் ஒரு அட்டை இருக்கும். அதற்குள் ஒரு இரகசியத் திறப்பு, கண்ணுக்குத் தெரியாத ஒரு சாவி மாதிரி. அந்தத் திறப்பால் கோர்வையைப் பூட்டுவதுதான் ஒப்பம். அந்தத் திறப்புக்குச் சோடியாக இன்னொன்று உண்டு. அது ஒளிக்கப்படாதது, யாரிடமும் கொடுக்கலாம். அதைக் கொண்டு திறந்துதான் பார்க்கலாம், பூட்ட முடியாது. வங்கி அதால் திறந்து, காசோலையைத் தானும் ஒருமுறை பிழிந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்.

"அப்ப ஒவ்வொரு செக்குக்கும் கையெழுத்து வேற வேறயா வருங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் அக்கா. ஒரு ஒப்பம் இன்னொரு செக்குக்குச் சரிவராது."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருடமாக ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தவள் நான். ஒவ்வொரு முறையும் மாறுவதால்தான் நம்பலாம் என்கிற ஒரு கையெழுத்து! இதை யோசித்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர்தான் என்று தோன்றியது. அன்றைக்கே என் கோபம் பாதி போய்விட்டது.

அதன்பின் வந்த நட்பில்தான் என் அப்பாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். எண்பத்து மூன்று யூலைக் கலவரத்தில் அப்பாவின் துணிக்கடையை எரித்தார்கள். மேசை இழுப்பறையைத் திறக்கப் போய் வலது கையைச் சுட்டுக்கொண்டார். வங்கிப் புத்தகமும் அடையாள அட்டையும் கடையோடு போய்விட்டன. கொஞ்ச நாள் கழித்து, துணி சுற்றிய கையோடு தன் வங்கிக்குப் போய் ஒப்பம் வைத்தார். அது அவருடைய ஒப்பத்தைப் போல இல்லை. கை ஆறியபின் வரச் சொன்னார்கள். அகதி முகாமாக இருந்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, கலண்டர்த் தாள்களின் பின்பக்கத்தில் தன் பெயரையே எழுதி எழுதிப் பழகினார். பார்த்து எழுத மாதிரி ஒன்றுகூட மிச்சமில்லை. ஞாபகத்திலிருந்துதான் எழுதினார். கடைசியில் அவரை நன்றாகத் தெரிந்த ஒரு சிங்களக் காசாளர் முன்வந்து, இவரை எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் வேலை நடந்தது.

இந்த அட்டை இருந்திருந்தால் அப்பாவுக்கு அந்தக் கஷ்டம் வந்திராது என்று சொல்வாள் என நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை.

"அட்டையும் எரியும் அக்கா. எரிஞ்சால் திரும்ப ஒராள் வந்து, இவர் ஆரெண்டு எனக்குத் தெரியும் எண்டு சொல்லத்தான் வேணும். கொம்பியூட்டர் அந்த ஒரு வேலையைச் செய்யாது. இங்க அந்த ஆள் நான்தான்."

அவளுடைய பொறுப்பு அதுதான் என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நேரில் பார்த்து, ஆளை உறுதிசெய்து, 'இந்தத் திறப்பு இன்னாருடையது' என்ற சான்றிதழைத் தன் சொந்த அட்டையால் ஒப்பமிட்டுக் கொடுப்பாள். அவளுடைய ஒப்பத்தின் மேல்தான் மற்ற எல்லா ஒப்பங்களும் நின்றன.

முதலில் சேர்ந்தவர்களில் ஒருவர் பிலிமத்தலாவையில் மருந்து மொத்த வியாபாரம் செய்த ஹாஜியார். கண்டியைச் சுற்றியிருந்த சின்ன பார்மசிகளுக்கெல்லாம் அவரிடமிருந்துதான் சரக்குப் போகும். நானும் அவளோடு போயிருந்தேன். எங்களுக்குப் பால் விடாத பிளேன்டியும் தொதல் இனிப்பும் வைத்துவிட்டு, அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகள், நான் செல்றத்துக்குக் கோவப்படாதீங்க. என்ட கையெழுத்து என்ட கையில ஈக்கி. அத நீங்க இதுக்குள்ள போட்டா, இத எடுத்தவன் நானாகிடுவானே?"

"நல்ல கேள்வி ஹாஜியார். அட்டையை மட்டும் எடுத்து ஒண்டும் செய்யேலாது. உங்கட இரகசிய இலக்கமும் வேணும். அது உங்கட தலைக்குள்ள மட்டும் இருக்கவேணும். எனக்கும் தெரியக்கூடாது. எங்கட மனேஜருக்கும் தெரியக்கூடாது."

"என்ட மகனுக்கு?"

"அவருக்கும் வேண்டாம்."

ஹாஜியார் தன் சாவைப் பற்றியும் சிரித்துக்கொண்டே கேட்டார். "அப்ப நான் மௌத்தானா?"

"மகன்ர பேரில புதுசா ஒண்டு செய்வம். உங்கட ஒப்பம் உங்களோட போயிடும்."

அவர் சிரிப்பை நிறுத்திக் கொஞ்சம் யோசித்தார். "சரி. அப்பிடித்தான் ஈக்கவும் வேணும்" என்றார். அன்றே சேர்ந்தார். அடுத்த வாரம் அவருடைய முதல் காசோலையை அனுப்பிப் பார்ப்பதாக ஏற்பாடு.

அந்த நாள் காலையில் அவள் வேலைக்கு வரவில்லை. மனேஜரின் அறைக்குத் தொலைபேசி வந்தது. குண்டசாலையிலிருந்து வரும் வழியில், பாலத்தடிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கியிருக்கிறார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பைக்குள் ஒரு மடிக்கணினி, வயரும் சிவப்பு விளக்கும் வைத்த ஒரு கறுப்புப் பெட்டி. அட்டையை வாசிக்கிற கருவி அது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் பையில் அதைக் கண்ட பொலிஸ்காரர் வேறு என்ன நினைப்பார்? ஜீப்பில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் மனேஜர் சிங்களவர், கண்டிக்காரர், ஓய்வுபெறக் கொஞ்சக் காலமே இருந்தவர். குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு பெண் கூட வந்தால் நல்லது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குப் பயம்தான். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. த்ரீவீலரில் போகும்போதே என் அடையாள அட்டையை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

நிலையத்தில் ஒரு வாங்கில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பொருட்களெல்லாம் மேசையில் பரப்பிக் கிடந்தன. சிவில் உடையில் இருந்த ஒருவர் அவளுடைய அட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தம்போட்டுக்கொண்டிருந்தார். விஷயம் இதுதான்: அட்டையைத் திறக்கும் இரகசிய இலக்கத்தை அவர் கேட்கிறார், அவள் சொல்ல மறுக்கிறாள்.

"சேர், நானே அழுத்தித் திறந்து காட்டுகிறேன். உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பாருங்கள். இலக்கத்தை மட்டும் சொல்ல முடியாது" என்று அவளுக்குத் தெரிந்த சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறைகூடச் சொன்னது மாறவில்லை.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து மெல்லச் சொன்னேன். "சொல்லிருங்க மிஸ். நம்பர் தானே. பொறகு மாத்திக்கலாம்."

"சொல்லேலாது அக்கா. சொன்னால் அதுக்குப் பிறகு அது என்ர ஒப்பம் இல்லை. ஹாஜியார்ர ஒப்பத்துக்கு நான் சாட்சி சொல்லியிருக்கிறன்."

மனேஜர், தனக்கே அந்த இலக்கம் தெரியாது, தெரியவும் கூடாது என்பதுதான் வங்கியின் விதி என்று விளக்கினார். சிவில் உடைக்காரர் நம்பவில்லை. மனேஜருக்குத் தெரியாத ஒன்று இவளுக்கு மட்டும் தெரியுமா என்று கேட்டார். அந்தச் சத்தத்தில் நிலையப் பொறுப்பதிகாரி தன் அறையிலிருந்து வெளியே வந்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தார்.

"இதற்குள் என்ன இருக்கிறது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"என் கையெழுத்து, சேர்."

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"வைத்துக் காட்டட்டுமா?"

அவர் தலையசைத்தார். அவள் மடிக்கணினியைத் திறந்து கருவியை இணைத்தாள். ஏதாவது ஒரு வசனத்தை எழுதும்படி அவரிடமே கொடுத்தாள். அவர் இரண்டு விரல்களால் ஆங்கிலத்தில் மெதுவாகத் தட்டினார். நான் எழுந்து அவருக்குப் பின்னால் நின்றபடியால் வாசிக்க முடிந்தது. 'நான் ஒரு பயங்கரவாதி' என்று எழுதியிருந்தார்.

"இதற்கு வையுங்கள் பார்க்கலாம்" என்று சிரித்தார். சிவில் உடைக்காரரும் சிரித்தார். மனேஜர் குடையின் பிடியை இறுக்கினார்.

அவள் விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதற்கு வைக்கமாட்டேன் சேர்."

"சும்மா விளையாட்டுக்குத்தானே?"

"இதில் விளையாட்டுக்கு ஒப்பம் என்று ஒன்று கிடையாது. வைத்தால் வைத்ததுதான். நாளைக்கு நான் வைக்கவில்லை என்று என்னாலேயே சொல்ல முடியாது. அதற்காகத்தான் இதைச் செய்திருக்கிறார்கள்."

யாரும் சிரிக்கவில்லை. அப்படிப்பட்ட அறைகளில், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாள்களுக்கு எத்தனையோ பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பொறுப்பதிகாரி அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு, எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். வெளியே தூறிக்கொண்டிருந்தது. 'இன்று கண்டியில் மழை பெய்கிறது' என்று தட்டினார்.

"இது சரியா?"

"சரி சேர். அது உண்மை."

கையால் மறைத்து இலக்கத்தை அழுத்தி ஒப்பம் வைத்தாள். திரையில் பச்சை நிறத்தில் 'செல்லும்' என்று வந்தது. இப்போது ஒரு எழுத்தை மாற்றிப் பாருங்கள் என்றாள். அவர் கண்டி என்ற பெயரில் ஒரு எழுத்தை மாற்றினார். சிவப்பில் 'செல்லாது' என்று வந்தது. திரும்பச் சரியாக்கினார், பச்சை வந்தது. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளியை மட்டும் போட்டுப் பார்த்தார். அதற்கும் சிவப்பு. அவருக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஒரு சார்ஜன்டைக் கூப்பிட்டு, இங்கே வந்து பார் என்று காட்டினார். "ஹொந்தய்", நல்லது, என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார்.

அதைக் கண்டு உடனே விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் பொய். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து தொலைநகல் வந்து, மனேஜர் பொறுப்பேற்று எழுதிக்கொடுத்த பிறகுதான் விட்டார்கள். அதுவரை பொருட்களை இன்னொரு அறைக்குக் கொண்டுபோய் ஆராய்ந்தார்கள். பின்னேரம்தான் எல்லாம் கைக்கு வந்தது. அட்டை உட்பட எதுவும் குறையவில்லை.

திரும்பும் வழியில் தண்ணீர் வேண்டுமென்றாள். ஒரு கடையில் நிறுத்திப் போத்தல் வாங்கிக் கொடுத்தோம். அவளால் மூடியைத் திறக்க முடியவில்லை. நான் வாங்கித் திறந்துகொடுத்தேன். பாதிப் போத்தலைக் குடித்துவிட்டுச் சொன்னாள்.

"கந்தோருக்குப் போன உடன கொழும்புக்குக் கோல் எடுக்கவேணும் அக்கா. என்ர அட்டையை இரத்துச் செய்யவேணும்."

"ஏங்க மிஸ்? நீங்கதான் நம்பரச் சொல்லவே இல்லையே!"

"சொல்லேல்லை. ஆனா அட்டை இன்னொரு அறையில கிடந்தது. அங்க என்ன நடந்தது எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததுக்கு நான் எப்பிடிச் சாட்சி சொல்லுறது?"

தலைமை அலுவலகத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. இலக்கம் இல்லாமல் அட்டையைத் திறக்கவே முடியாது, பிழையான இலக்கத்தைச் சில தடவை அழுத்தினால் தானாகப் பூட்டிக்கொள்ளும், எனவே தேவையில்லை என்றார்கள். அவள் அட்டையை இரத்துச் செய்தால் அவள் அதுவரை கொடுத்த சான்றிதழ்களையும் இரத்துச் செய்யவேண்டும். வாடிக்கையாளர்களைத் திரும்பத் தேடிப்போக வேண்டும். திட்டம் தள்ளிப்போகும், அதற்கு அவள்தான் பதில் சொல்லவேண்டி வரும். என் மேசைத் தொலைபேசியில்தான் பேசினாள். ஒரு கட்டத்தில் மறுபக்கத்துக் குரல் எனக்கே கேட்டது. அவள் பொறுமையாகச் சொன்னாள்: "ஓம் சேர், யாரும் திறந்திருக்கமாட்டினம் எண்டுதான் நானும் நினைக்கிறன். ஆனா நினைக்கிறதை நம்பி வாடிக்கையாளர்கள் எங்களோட சேரேல்லை." இரத்துச் செய்த பிறகுதான் எழும்பினாள்.

புதிய அட்டை வந்ததும் மறுபடி அலைந்தோம். மனேஜர் என்னையும் அனுப்பினார். கலஹாவில் ஒரு தேயிலைத் தோட்டக் கந்தோருக்குப் பேராதனையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம். வழியில் இரண்டு இடத்தில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, திரும்ப ஏறினோம். ஒவ்வொரு முறையும் அவளை மட்டும் கொஞ்சம் கூடுதலாக நிறுத்தினார்கள். சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து ஏறுவாள், விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வாள். எனக்குத்தான் அழுகை வரும்.

பிலிமத்தலாவையில் ஹாஜியாரிடம் நடந்த எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். பொலிஸ் நிலையம் உட்பட. அவள் இவ்வளவு சொல்லத் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது. மனுஷன் பயந்து விலகிவிட்டால் என்ன செய்வது?

ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நீங்க செல்லாட்டி இது எனக்குத் தெரியவராதே மகள்."

"வராதுதான்."

"பொலிஸ்காரன் நம்பரக் கேட்டும் குடுக்கல்லையா?"

"இல்லை."

அவர் எழுந்துபோய்ப் பழைய அட்டையை எடுத்துவந்தார். மருந்துப் பெட்டி திறக்கும் கத்தரிக்கோலால் தன் கையாலேயே அதை இரண்டாக வெட்டினார். "புதுசத் தாங்க. இனி நான் ஒண்டும் கேக்க மாட்டேன்" என்றார்.

திட்டம் கொஞ்சம் பிந்தித் தொடங்கியது. ஆனால் தொடங்கியது. அவள் எனக்கும் வேலை கற்றுக்கொடுத்தாள். வந்த காசோலைகளைத் திரையில் பார்த்து, ஒப்பம் செல்லுமா, சான்றிதழ் இரத்துச் செய்யப்பட்டதா என்று சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை பச்சை வரும்போதும் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்.

ஒருநாள் கொழும்புக்குக் கிட்ட ஒரு பஸ்ஸில் குண்டு வெடித்துவிட்டது என்று காலையிலேயே செய்தி வந்தது. றோட்டை மூடினார்கள். எங்கள் காசோலைப் பை கடுகண்ணாவை வரை போய்த் திரும்பி வந்தது. அதே நேரத்தில் ஹாஜியார் தொலைபேசியில் அழைத்தார். குரலில் பதற்றம். இன்சுலின் தீர்ந்துகொண்டிருந்தது. கொழும்பு இறக்குமதிக்காரர் குளிர்ப்பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறார். ஆனால் நிலைமை சரியில்லாத அந்த நாட்களில், பணம் வந்தால்தான் லொறியில் ஏற்றுவேன் என்கிறார். தாளில் எழுதிய காசோலை இன்றைக்குப் போகாது.

"அட்டையைக் கொம்பியூட்டரில போடுங்கோ ஹாஜியார்" என்றாள் அவள். "நாங்கள் இஞ்ச பாத்துக்கொண்டு இருக்கிறம்."

சற்று நேரத்தில் அந்தக் காசோலை என் திரைக்கு வந்தது. ஒப்பம் சரி. சான்றிதழ் சரி. நான் என் பங்குக்கு ஒப்புதல் கொடுத்து அனுப்பினேன். மூடிய றோட்டு, திரும்பி வந்த வேன், வழியெல்லாம் துவக்கோடு நின்ற ஆட்கள் எல்லாவற்றையும் தாண்டி, ஹாஜியாரின் கையெழுத்து நாங்கள் பிளேன்டி குடித்து முடிப்பதற்குள் இறக்குமதிக்காரரின் கொழும்பு வங்கியில் போய் நின்றது. லொறியில் சரக்கை ஏற்றி வைத்துவிட்டார்கள். றோட்டுத் திறந்தவுடன் அது புறப்பட்டது. மறுநாள் காலை சரக்கு வந்து இறங்கியபோது, கடை வாசலில் ஆட்கள் காத்திருந்தார்களாம்.

கொழும்பு வங்கியிலிருந்து ஒரு கேள்வி வந்தது. காசோலையில் 'காரணம்' என்ற இடத்தில் ஏதோ அதிகப்படியாக எழுதியிருக்கிறது, என்ன அது என்று. நான் அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. திறந்து பார்த்தோம். இன்சுலின் என்று எழுதியதற்குப் பின்னால் ஹாஜியார் தன் ஆங்கிலத்தில், வங்கிப் பிள்ளை நேர்மையானவள், அல்லாஹ் அவளுக்கு உதவட்டும் என்று எழுதியிருந்தார்.

அவள் முகம் சிவந்துவிட்டது. "இதை எடுக்கேலாதே, அக்கா" என்றாள்.

"எப்பிடிங்க எடுக்கிறது? ஒரு எழுத்து மாறினாக்கூட செக் செல்லாதே."

அவள் சிரித்த சிரிப்பில் கவுண்டரில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கண்டிக்கு வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன்.

போர் முடிந்த பிறகு அவளைக் கொழும்புக்குத் திரும்ப எடுத்தார்கள். அந்த இலத்திரனியல் காசோலைத் திட்டமும் நீண்ட காலம் ஓடவில்லை. பணம் அனுப்ப வேறு வழிகள் வந்தன; சேர்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக அவற்றுக்கு மாறினார்கள். ஆனால் இப்போது எந்த வழியில் பணம் அனுப்பினாலும் அடியில் அந்த இரண்டு திறப்புகளின் கணக்குத்தான் வேலைசெய்கிறது என்று அவள் ஒருமுறை தொலைபேசியில் சொன்னாள். அந்தப் பிரிவுக்கே இப்போது அவள்தான் தலைவி. அவள் அட்டையை இரத்துச் செய்ததற்காக முன்பு கோபப்பட்டவர்களே, அந்தச் சம்பவத்தைப் புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்களாம். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. மனேஜர் தன் ஓய்வுக்குப் பிறகு ஒருநாள் கிளைக்கு வந்தபோது, சொந்த மகளைப் பற்றிப் பேசுவதுபோலப் பெருமையோடு சொன்னார்.